உயர்சுரமும் வரையறுத்த குரலும்: ஹுவான் டியேகோ ஃபுளோரெஸின் உலகமேடை எழுச்சி (1996–2008)

ஆய்வுச்சுருக்கம்

பெரு நாட்டின் லிமா நகரில் பிறந்த ஹுவான் டியேகோ ஃபுளோரெஸ், 1996இல் இத்தாலியின் பெசாரோ நகரில் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகின் முதன்மை ஓபரா அரங்குகள் அனைத்திலும் இடம்பெற்ற டெனர் பாடகர் ஆவார். அவரது எழுச்சியைத் தற்செயலாக வாய்த்த நல்லூழாகவும், லூச்சானோ பாவரோட்டிக்கு அடுத்த வாரிசின் வருகையாகவும் விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. இவ்விரு விளக்கங்களும் போதாதவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ரோசினி மறுமலர்ச்சி என்னும் பதிப்பியல் இயக்கமும், தன் குரலின் எல்லையை அறிந்து பாடகர் மேற்கொண்ட பாத்திரத் தேர்வும் இணைந்ததே இவ்வெழுச்சியின் அடிப்படை என்பது இதன் கருதுகோள். அவ்வெழுச்சியில் உயர்சுரம் பெற்ற மிகைமதிப்பு, நாடகப் பொருளை எவ்வாறு பின்தள்ளியது என்பதும் இங்கு மதிப்பிடப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஓபரா, டெனர், ரோசினி மறுமலர்ச்சி, பெல் காண்டோ, உயர்சுரம், மறுமுறை பாடல், பாத்திரத் தேர்வு.

முன்னுரை

மேலைநாட்டு இசைநாடகமான ஓபராவில் பாடகரின் குரல்வகையே அவர் ஏற்கும் பாத்திரத்தைத் தீர்மானிக்கிறது. ஆண்குரல்களுள் இயல்பாக உயர்ந்த நிலையில் ஒலிப்பது டெனர். காதலன், இளவரசன், வீரன் ஆகிய தலைமைப் பாத்திரங்கள் பெரும்பாலும் இக்குரலுக்கே எழுதப்பட்டுள்ளன. எனினும் டெனர் என்பது ஒற்றைக் குரல் அன்று. பெரிய இசைக்குழுவின் முழக்கத்தை ஊடுருவும் கனத்த குரலும், விரைவான சுரக்கோவைகளை நுணுக்கமாகப் பாடும் மெல்லிய குரலும் அப்பெயராலேயே வழங்குகின்றன. இந்த வேறுபாட்டைக் கருதாமல் ஒரு டெனரின் உலகப் புகழை மதிப்பிட இயலாது.

ஃபுளோரெஸ் இரண்டாம் வகையைச் சார்ந்தவர். அவர் மேடையேறிய காலத்தில் டெனர் என்றவுடன் உலகம் நினைத்தது பாவரோட்டி, பிளாசிடோ டொமிங்கோ, ஹோசே கரேராஸ் ஆகிய மூவரையே. 1990இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியையொட்டி உரோமில் அவர்கள் இணைந்து பாடிய நிகழ்ச்சி, ஓபரா அரங்கிற்கு வராத மக்களிடமும் டெனர் குரலைக் கொண்டு சென்றிருந்தது. வெர்டி, புச்சினி ஆகியோரின் உருக்கமான பாடல்களே அப்புகழின் உள்ளடக்கம். அத்தகைய சூழலில் ரோசினியின் நுண்ணிய இசையைக் கொண்டு ஒருவர் உலகப்புகழ் பெற்றது எவ்வாறு என்பதே ஆய்வுக்குரிய வினா.

1. பெசாரோ: தற்செயலும் ஆயத்தமும்

ஃபுளோரெஸ் 1973 சனவரி 13 அன்று பிறந்தார். தந்தை ரூபன் ஃபுளோரெஸ் பெருவின் கிரியோல் இசைமரபைச் சார்ந்த பாடகர். மகனும் இளமையில் வெகுசன இசையையே பாடினார். பின்னர் லிமாவின் தேசிய இசைக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1993 முதல் 1996 வரை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள கர்டிஸ் இசைக்கல்வி நிறுவனத்தில் பயின்றார். இதே காலத்தில் பெருவைச் சேர்ந்த டெனரும் ரோசினி இசையில் தேர்ந்தவருமான எர்னெஸ்டோ பலாசியோவின் வழிகாட்டல் அவருக்குக் கிடைத்தது.

1996ஆம் ஆண்டு ரோசினியின் பிறந்த ஊரான பெசாரோவில் நடைபெற்ற ரோசினி ஓபரா விழாவில் ‘மடில்டே டி ஷப்ரான்’ மேடையேறவிருந்தது. அதன் தலைமை டெனர் வேடமான கொராடினோவை ஏற்கவிருந்த அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஃபோர்ட் உடல்நலம் குன்றியதால், 23 வயது ஃபுளோரெஸிடம் அவ்வேடம் வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் மிலான் நகரின் லா ஸ்கலா அரங்கில் ரிக்கார்டோ மூட்டியின் நெறியாளுகையில் குளுக்கின் ‘ஆர்மீட்’ ஓபராவில் அவர் அறிமுகமானார்.

நாளிதழ்களும் இசைத்தட்டு விளம்பரங்களும் இந்நிகழ்வை ஓர் அற்புதமாகவே விவரித்துவந்தன. நோயுற்றவருக்குப் பதிலாக வந்த இளைஞர் ஒரே இரவில் புகழடைந்தார் என்பது கதைக்கு ஏற்ற வடிவம். ஆயினும் ‘மடில்டே டி ஷப்ரான்’ எளிதில் ஒருவர் ஏற்றுப் பாடத்தக்க படைப்பு அன்று. 1821இல் உரோமில் முதன்முதலாக மேடையேறிய பின் நெடுங்காலம் அரங்குகளிலிருந்து மறைந்திருந்த ஓபரா அது. ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகி வந்து பாடும் வாய்ப்பு அதில் குறைவு. கொராடினோவின் இசை மேல் சி சுரத்தைத் தாண்டிச் செல்லும் உயரமும், இடைவிடாத விரைவுக்கோவைகளும் உடையது. குறுகிய காலத்தில் அதனைக் கற்று மேடையேற்ற, அவ்விசையின் இலக்கணம் முன்பே குரலில் படிந்திருக்க வேண்டும். அப்பயிற்சியை வழங்கியவர் பலாசியோ. வாய்ப்பு தற்செயலாக வந்தது எனினும் அதனைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் தற்செயலானதன்று.

பலாசியோவுக்கும் முன்பே பெருவைச் சேர்ந்த லூயிகி ஆல்வா, 1950களில் லா ஸ்கலாவில் மரியா காலஸுடன் ‘செவீல் நகர நாவிதன்’ ஓபராவில் அல்மாவீவா வேடமேற்றவர் என்பதும் இங்கு இணைத்து எண்ணத்தக்கது. ஆல்வா, பலாசியோ, ஃபுளோரெஸ் ஆகிய மூவரும் ஒரே நாட்டிலிருந்து வந்து, ஒரே இசையமைப்பாளரின் மென்குரல் வேடங்களில் சிறந்தவர்கள். எனவே ‘ஓபரா மரபு அற்ற நாட்டிலிருந்து திடீரெனத் தோன்றியவர்’ என்னும் கூற்று ஃபுளோரெஸுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய இதழாளர்களின் கண்ணுக்குப் புலப்படாத மரபு ஒன்று லிமாவுக்கும் இருந்தது.

2. பதிப்பியல் அமைத்த மேடை

ரோசினி 1829இல் ‘வில்லியம் டெல்’ ஓபராவுக்குப் பின் வேறு ஓபரா எழுதவில்லை. 1868 வரை வாழ்ந்தார். அவரது நகைச்சுவைப் படைப்புகள் சில தொடர்ந்து மேடையேறின. நேப்பிள்ஸ் நகருக்காக அவர் எழுதிய அவலச்சுவைப் படைப்புகளோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. எஞ்சியவையும் வெட்டப்பட்டும் எளிமையாக்கப்பட்டும் பாடப்பட்டன.

இந்நிலையை மாற்றியது மூலபாடத் திறனாய்வு. 1969இல் அல்பெர்டோ ஸெட்டாவின் ‘செவீல் நகர நாவிதன்’ திறனாய்வுப் பதிப்பு வெளிவந்தது. பின்னர்ப் பெசாரோவின் ரோசினி அறக்கட்டளை, பிலிப் காசெட் முதலிய அறிஞர்களின் துணையுடன் முழுப் படைப்புகளுக்கும் செம்பதிப்பு வெளியிடும் பணியை மேற்கொண்டது. அப்பதிப்புகளை மேடையில் சோதித்துப் பார்க்கும் களமாக 1980இல் ரோசினி ஓபரா விழா தொடங்கியது. தமிழ் ஆய்வுலகம் சுவடிப்பதிப்பின் வழியே சங்க இலக்கியத்தை மீட்டதுபோல, இசைக் கையெழுத்துப்படிகளின் ஒப்பீட்டால் ஒரு முழு நாடக மரபு மீட்கப்பட்டது. வேறுபாடு ஒன்று உண்டு: மீட்ட பாடம் பாடப்பட்டால் அன்றி உயிர்பெறாது. பதிப்பாசிரியர்க்குப் பாடகர் தேவைப்பட்டார்.

ராக்வெல் பிளேக், கிறிஸ் மெரிட், புரூஸ் ஃபோர்ட், வில்லியம் மட்டெயுஸி முதலியோர் 1980களிலும் 1990களிலும் அத்தேவையை நிறைவு செய்தனர். பாட இயலாதவை எனக் கருதப்பட்ட பகுதிகள் பாடத்தக்கவை என்று மெய்ப்பித்தவர்கள் அவர்களே. ஃபுளோரெஸ் வந்தபோது பாடமும் விழாவும் கேட்போரும் ஆயத்தமாக இருந்தனர். அவர் கூடுதலாக அளித்தது ஒலியின் தூய்மை. முன்னோடிகள் சிலரது நுட்பத்தைப் போற்றியவர்களும் அவர்களது குரலின் கரடுமுரடான தன்மையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபுளோரெஸிடம் கடினமான கோவையும் இயல்பான பேச்சைப்போல ஒலித்தது. ஆய்வரங்கின் இசையாக இருந்த ரோசினி, பொதுமக்களின் இசையாக மாறியது அந்த இயல்பினால்தான்.

இம்மாற்றத்திற்குச் சிறந்த சான்று ‘செவீல் நகர நாவிதன்’ ஓபராவின் இறுதியில் அல்மாவீவா பிரபு பாடும் நீண்ட பாடல். 1816இல் உரோமில் அரங்கேறிய இந்த ஓபராவில் பிரபு வேடம் மனுவேல் கார்சியா என்னும் புகழ்பெற்ற டெனருக்காக எழுதப்பட்டது. படைப்பின் முதல் தலைப்பே ‘அல்மாவீவா’ என்பதாகும். பிற்காலத்தில் இப்பாடல் அதன் கடினத்தால் வழக்கமாக விடப்பட்டது. அதன் இசைப்பகுதியை ரோசினியே அடுத்த ஆண்டில் ‘லா செனெரென்டோலா’ ஓபராவின் நாயகிக்கு மாற்றி வழங்கினார். பிளேக் மீட்டுப் பாடிய அப்பாடலை ஃபுளோரெஸ் தம் அல்மாவீவாவின் அடையாளமாகவே ஆக்கினார். 1999இல் வியன்னா அரசு ஓபராவிலும், 2002இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் அவர் அறிமுகமானது இவ்வேடத்திலேயே.

இப்பாடலைச் சேர்ப்பதால் நாடகத்தின் சமநிலை மாறுகிறது. பாடல் இல்லாத வடிவில் சூழ்ச்சி வல்லவனான ஃபிகாரோவே கதையின் மையம்; பிரபு அவனது திட்டத்தின் பயனாளி. பாடல் இடம்பெறும்போது, மாறுவேடங்களைக் களைந்த பிரபு தன் அதிகாரத்தை வெளிப்படையாக நாட்டி, ரோசினாவை விடுவிக்கிறான். நாவிதனின் நாடகம் பிரபுவின் நாடகமாகிறது. கதை முடிந்தபின் நெடும்பாடல் வருவதால் வேகம் தடைப்படுகிறது என்னும் எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பாடகரின் திறமையால் அத்தடை மறைக்கப்படலாம்; நீக்கப்படுவதில்லை.

3. குரலின் வரலாற்று முரண்

ரோசினியின் நேப்பிள்ஸ் படைப்புகளில் இருவகை டெனர்கள் எதிரெதிர் நிறுத்தப்பட்டனர். ஆந்திரேயா நொட்ஸாரி தாழ்நிலையிலும் வலிமை மிக்க குரலுடையவர். ஜொவான்னி டேவிட் உயர்நிலையில் எளிதாக உலவும் குரலுடையவர். 1819இல் எழுதப்பட்ட ‘ஏரிக்கரை மங்கை’ ஓபராவில் மன்னன் வேடம் டேவிட்டுக்கும் கிளர்ச்சித் தலைவன் ரொட்ரிகோ வேடம் நொட்ஸாரிக்கும் அமைந்தன. ஃபுளோரெஸ் ஏற்றவை டேவிட்டின் மரபில் வரும் வேடங்கள். இதனால் ‘மெய்யான ரோசினி டெனர்’ என்னும் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது.

இப்பட்டம் வரலாற்று நோக்கில் ஐயத்திற்குரியது. டேவிட், ருபினி, நூரி ஆகிய அக்காலப் பாடகர்கள் மிக உயர்ந்த சுரங்களைத் தலைக்குரலில் மென்மையாகப் பாடினர். 1837இல் பாரிஸ் ஓபராவில் ‘வில்லியம் டெல்’ பாடிய ஜில்பேர் டூப்ரே, மேல் சி சுரத்தை மார்புக்குரலின் முழுவலிமையோடு ஒலித்தார். கேட்டோர் அதில் மயங்கினர். ரோசினி அதனை விரும்பவில்லை. ஆயினும் வரலாறு டூப்ரேயின் பக்கமே சென்றது. முழுக்குரலில் ஒலிக்கும் உயர்சுரமே டெனரின் ஆண்மைக்கு அடையாளம் என்னும் கருத்து அதன்பின் வேரூன்றியது.

ஃபுளோரெஸ் பாடுவது டேவிட்டுக்கும் ருபினிக்கும் உரிய இசை. பாடும் முறை டூப்ரேக்குப் பிந்தியது. 2007இல் ருபினியின் பாடல்களைத் தொகுத்து டெக்கா நிறுவனத்தின்வழி அவர் இசைத்தட்டு வெளியிட்டார். அதிலும் உயர்சுரங்கள் ஒளிமிக்க முழுக்குரலிலேயே வருகின்றன. பழைய கலையின் மீட்பாக இதனைக் கொள்வது பிழையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கக்கால எழுத்தும் அதன் பிற்காலக் கேட்புச்சுவையும் இணைந்த இருபத்தோராம் நூற்றாண்டுப் புத்தாக்கம் இது. செம்பதிப்பு மூலத்தின் எழுத்தை மீட்கிறது. மூலத்தின் ஒலியை மீட்பதில்லை. இவ்வுண்மையை ஃபுளோரெஸின் வெற்றி வெளிப்படுத்துகிறது. அதே வெற்றி அதனை மறைக்கவும் செய்கிறது.

4. ஒன்பது உயர்சுரங்களும் ஒரு மெல்லிசையும்

1840இல் பாரிசில் அரங்கேறிய டோனிசெட்டியின் ‘படைப்பிரிவின் மகள்’ ஓபராவில் டோனியோ பாடும் பாடல், ஒன்பது மேல் சி சுரங்களுக்காகப் பேசப்படுவது. 1972இல் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஜோன் சதர்லாந்துடன் இதனைப் பாடிய பாவரோட்டியின் உலகப்புகழ் அங்கிருந்தே விரிந்தது. எனவே அப்பாடலை ஏற்பது, வாரிசுரிமை கோருவதாகவே பொருள்படும்.

2007 பிப்ரவரி 20 அன்று லா ஸ்கலாவில் ஃபுளோரெஸ் அதனைப் பாடி முடித்ததும் எழுந்த ஆரவாரத்தால் மீண்டும் பாடினார். 1933இல் ரஷ்யப் பாடகர் சாலியாப்பினுக்குப் பின் அந்த அரங்கில் மறுமுறை பாடல் நிகழ்ந்ததில்லை. 2008 ஏப்ரல் 21 அன்று மெட்ரோபாலிட்டன் ஓபராவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அங்கு 1994க்குப் பின் அதுவே முதன்முறை. தமிழ் நாடக மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ என்று வழங்கிய வழக்கத்தை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அரங்கில் அது விலக்கப்பட்ட செயல்.

அவ்விலக்கின் பின்னணியில் டாஸ்கனினி போன்ற நெறியாளர்களின் கலைக்கோட்பாடு இருந்தது. ஓபரா ஒரு முழுமையான படைப்பு. பாடகரின் புகழுக்காக அதனை நிறுத்தலாகாது என்பது அக்கோட்பாடு. டோனிசெட்டியின் காலத்தில் மறுமுறை பாடல் இயல்பான வழக்கம். ஆகவே 2007இல் மீறப்பட்டது படைப்பின் காலத்து விதி அன்று. அதற்குப் பிந்திய விதியே.

இந்த வாதம் ஃபுளோரெஸுக்குச் சார்பானது. ஆனால் சிக்கல் வேறிடத்தில் உள்ளது. டோனியோ ஓர் எளிய டிரோல் நாட்டு இளைஞன். மரீயைக் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்த படைப்பிரிவு முழுவதும் அவளுக்குத் தந்தை. அவளை மணப்பதற்காகவே அவன் அப்படையில் சேர்கிறான். வீரர்களை இரந்து இசைவு பெறுகிறான். அக்கணத்தில் பொங்கும் மகிழ்ச்சியே அந்த உயர்சுரங்கள். அவற்றை எண்ணிக்கொண்டு கேட்கும் அவை, அவன் காதலைக் கேட்பதில்லை. சீருடை அணிந்த அதே நேரத்தில் மரீயை இழக்கப்போகும் அவனது அவலமும் அந்த ஆரவாரத்தில் கரைந்துவிடுகிறது.

ஃபுளோரெஸின் கலையை அளப்பதற்கு உரிய இடம் இரண்டாம் அங்கத்தில் டோனியோ மரீயின் உறவினளான சீமாட்டியிடம் தன் காதலை முறையிடும் மெதுவான பாடல். அங்கு எண்ணுவதற்குச் சுரங்கள் இல்லை. ஒரே மூச்சில் நீளும் இசைத்தொடரும், சொல்லின் எடைக்கேற்பக் கூடிக் குறையும் ஒலியளவுமே கருவிகள். ஃபுளோரெஸ் அத்தொடரைச் சிதையாமல் நீட்டி, வேண்டுகோளின் பணிவைக் குரலிலேயே காட்டுகிறார். அவரது குரலின் நிறவேறுபாடு குறைவு என்னும் குற்றச்சாட்டிற்கு ஓரளவு விடையும் இங்கு கிடைக்கிறது. ஆயினும் செய்திகளில் இடம்பெற்றது இப்பாடல் அன்று.

5. எல்லையை அறிதல்

2006 இறுதியில் மெட்ரோபாலிட்டன் ஓபரா தன் நிகழ்ச்சிகளைத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பத் தொடங்கியது. 2007இல் ‘செவீல் நகர நாவிதன்’, 2008இல் ‘படைப்பிரிவின் மகள்’ ஆகியவை அவ்வாறு ஒளிபரப்பாயின. பெரிய அரங்கின் கடைசி வரிசையை எட்டுவதற்குக் கனத்த குரல் வேண்டும். ஒலிவாங்கிக்கு அது வேண்டியதில்லை. இளமைத் தோற்றமும் நுணுக்கமான பாடலும் உடையவர்க்குப் புதிய ஊடகம் சாதகமாயிற்று. இச்சாதகம் ஓர் இடரையும் உடன்கொண்டது. திரையில் பெரிதாக ஒலிக்கும் குரல், மேடையிலும் பெரிய வேடங்களைத் தாங்கும் என்னும் மயக்கத்தைச் சந்தை உருவாக்கும்.

2008இல் ஃபுளோரெஸ் வெர்டியின் ‘ரிகொலெட்டோ’ ஓபராவில் பிரபு வேடத்தை லிமாவிலும் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலும் ஏற்றார். பாவரோட்டியின் வாரிசு என்னும் எதிர்பார்ப்புக்கு அது இயல்பான அடுத்த படி. ஆனால் அவ்வேடத்தைத் தொடராமல் ஒதுக்கிவைத்து ரோசினி, பெல்லினி, டோனிசெட்டி ஆகியோரிடமே திரும்பினார். வெர்டியின் இசையில் உயரம் தடையன்று. நடுநிலைச் சுரங்களில் தொடர்ந்து வேண்டப்படும் எடையே தடை. அந்த எடையை வலிந்து உண்டாக்கும் மென்குரல், தன் நெகிழ்ச்சியை இழக்கும். இளமையில் பெரிய வேடங்களை ஏற்றுக் குரலிழந்த டெனர்கள் பலர் ஓபரா வரலாற்றில் உள்ளனர். உயர்ச்சியின் நடுவே பின்வாங்கியது ஃபுளோரெஸின் எழுச்சிக்காலத்தின் மிகத் தெளிந்த திறனாய்வுச் செயல் எனலாம். தன்னைத் தானே மதிப்பிட்ட செயல் அது.

இத்தற்கட்டுப்பாட்டிற்கு ஒரு விலையும் உண்டு. ஒத்த தன்மையுடைய காதலர் வேடங்களே மீண்டும் மீண்டும் வந்தமையால் நடிப்பின் பரப்பு குறுகியது. குரல் முதிர்ந்த பின்னரே மாஸ்னேயின் வெர்தர் போன்ற உள்ளச்சிக்கல் மிக்க வேடங்களை அவர் ஏற்றார். முன்னரே அவற்றை ஏற்றிருந்தால் நடிகராக வளர்ந்திருக்கலாம். பாடகராக நிலைத்திருப்பாரா என்பது ஐயம். டெனரின் தொழில்வாழ்வில் இவ்விரு வளர்ச்சிகளும் ஒன்றோடொன்று முரணும் தருணம் வருகிறது. ஃபுளோரெஸ் குரலைத் தேர்ந்தார்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• ஃபுளோரெஸின் எழுச்சி ஒரே இரவில் நிகழ்ந்த அற்புதம் அன்று. லிமாவின் டெனர் மரபும், பெசாரோவின் பதிப்பியல் இயக்கமும், முன்னோடிப் பாடகர்களின் உழைப்பும் அதற்குக் களம் அமைத்தன.

• பாவரோட்டியின் வாரிசு என்னும் அடையாளம் ஒரே பாடலின் உயர்சுரங்களை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. பாத்திரத் தேர்விலும் குரலின் தன்மையிலும் இருவரது வழிகளும் வேறானவை.

• அவர் பாடும் முறை பழைய பெல் காண்டோவின் நேரடி மீட்பு அன்று. இருவேறு காலங்களின் கலப்பு. ‘மெய்ம்மை’ என்னும் சொல்லை நிகழ்த்துகலைத் திறனாய்வில் எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

• மறுமுறை பாடல் வரலாற்று வழக்கிற்கு உடன்பட்டது. ஆனால் சுரங்களை எண்ணும் கேட்புமுறை நாடகப் பொருளுக்கு ஊறு விளைவிக்கிறது.

• தன் குரலின் எல்லையை ஏற்றுக்கொண்டதே அவரது புகழின் நீடிப்புக்குக் காரணம்.

2022இல் ஃபுளோரெஸ் ரோசினி ஓபரா விழாவின் கலை இயக்குநர் பொறுப்பை ஏற்றார். மாற்றுப் பாடகராக நுழைந்த விழாவில் எந்தப் படைப்பை, எந்தப் பாடத்தோடு, எந்தக் குரலுக்கு வழங்குவது என்று முடிவு செய்யும் இடம் அது. உயர்சுரத்தை எண்ணும் அவையை, டோனியோவின் முறையீட்டைக் கேட்கும் அவையாக மாற்றுவது இனி பாடகரின் கடமை மட்டுமன்று. அப்பாடகர் அமரும் நெறியாளர் இருக்கையின் கடமையும் ஆகும்.